சங்கத் தேர்தலில் பதவியில் இருப்பவர் ஓட்டுக் கேட்கலாமா?

சேலத்தில் எந்த ஆலை கேட்டிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. மதியம் ஷிப்ட் மாறும் நேரம். ஏ ஷிப்ட் வெளியே வருகிறது, பி ஷிப்ட் உள்ளே போகிறது. நடுவில் ஒரு மைக், ஆம்ப்ளிஃபயர், சங்கக் கொடி. செயலாளர் பேசுகிறார். கேன்டீன் சாப்பாடு, சேஃப்டி ஷூ, வராத அரியர்ஸ் என்று பத்து நிமிடம் போகிறது. கடைசி இரண்டு நிமிடம் பேச்சு திரும்புகிறது: "வர்ற ஞாயித்துக்கிழமை தேர்தல் தோழர்களே, நம்ம அணியை மறந்துடாதீங்க."

அந்த மைக் வாடகை சங்கப் பணம். கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டியதும் சங்கம்தான். எதிரணியில் நிற்கும் பேக்கிங் செக்‌ஷன் தொழிலாளிக்கு அந்த மைக் கிடைக்காது. அவரும் அதே சந்தாவைத்தான் கட்டுகிறார். அவருடைய சந்தாவும் சேர்ந்த காசில்தான் அவருக்கு எதிராக ஓட்டுக் கேட்கப்படுகிறது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பதவியில் இருக்கும் நிர்வாகிக்கு ஓட்டுக் கேட்க முழு உரிமை உண்டு. அவரும் உறுப்பினர். மறுபடி நிற்கலாம், அணி சேர்க்கலாம், தான் நிற்காமல் இன்னொருவரை ஆதரிக்கலாம். "பதவியில் இருக்கிறவர் வாயே திறக்கக் கூடாது" என்று சில இடங்களில் எழுதாத விதி போலச் சொல்வார்கள். அது நியாயமும் இல்லை, நடைமுறைக்கும் வராது. மூன்று வருஷம் செய்ததைச் சொல்லாமல் அவர் எதைச் சொல்லி ஓட்டுக் கேட்பார்? பார்க்க வேண்டியது அவர் யாருடைய நேரத்தில், யாருடைய காசில், யாருடைய சாமானை வைத்துக் கேட்கிறார் என்பதைத்தான்.

இந்தியச் சட்டம் இந்த இடத்தில் அதிகம் பேசுவதில்லை. 1926-ம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம், நிர்வாகிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி நீக்குவது என்பதைச் சங்கத்தின் விதிப்புத்தகத்திலேயே எழுதச் சொன்னது. பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று 2001 திருத்தம் சேர்த்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு, 2020 வந்திருக்கிறது. நிர்வாகி எப்படிப் பிரசாரம் செய்யலாம் என்பதற்குத் தனிப்பிரிவு பழையதிலும் இல்லை, புதியதிலும் இல்லை. ஆக, உங்கள் சங்கத்தின் விதிப்புத்தகம் சொல்வதுதான் சட்டம். பல விதிப்புத்தகங்களில் தேர்தலுக்கு மூன்றே வரிதான் இருக்கும்: மகாசபை கூடும், ரகசிய வாக்கெடுப்பு நடக்கும், பெரும்பான்மை பெற்றவர் வென்றவர். சண்டை எல்லாம் அந்த மூன்று வரிக்கு நடுவில் உள்ள காலி இடத்தில்தான் நடக்கிறது.

ஆனாலும் ஒரு பிடி இருக்கிறது. பழைய சட்டத்தின் 15-ம் பிரிவு, சங்கத்தின் பொதுநிதியை எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று பட்டியல் போட்டது. நிர்வாகிகளின் சம்பளம், படி, அலுவலகச் செலவு, தணிக்கை, வழக்கு, தொழில் தகராறு, உறுப்பினருக்கான உதவித்தொகை, கல்வி, சங்கப் பத்திரிகை. ஒரு வேட்பாளரை ஜெயிக்க வைப்பது அந்தப் பட்டியலில் இல்லை. வகுக்கப்பட்ட நோக்கத்தைத் தாண்டிப் பொதுநிதியைத் தொடக் கூடாது என்பதுதான் புதிய தொகுப்பின் போக்கும். பழைய சட்டத்தின் 16-ம் பிரிவில் இருந்த அரசியல் நிதியைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். அது சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி போன்ற தேர்தல்களுக்காகத் தனியாகத் திரட்டும் நிதி. சங்கத்தின் உள் தேர்தலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

இந்த விஷயத்தை வரி வரியாக எழுதி வைத்திருப்பது அமெரிக்கா. அங்கே 1959-ல் வந்த தொழிற்சங்க நிர்வாகிகள் பற்றிய சட்டம், 401-ம் பிரிவின் ஓர் உட்பிரிவில், சந்தாவாகவோ வேறு வரியாகவோ சங்கம் வாங்கிய பணத்தை எந்த வேட்பாளரின் வெற்றிக்கும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. முதலாளியின் பணத்துக்கும் அதே தடை. தேர்தல் அறிவிப்பு அச்சடிப்பது, வாக்குச்சீட்டு, வேட்பாளர் பெயரைத் தொடாத தகவல் அறிக்கை, இவற்றுக்குச் சங்கப் பணம் போகலாம். இதை விளக்கும் அங்கத்திய தொழிலாளர் துறை விதி, நிர்வாகிகளைப் பற்றி நேராகவே பேசுகிறது: அவர்களும் உறுப்பினர்கள், பிரசாரம் செய்யலாம், சங்கம் சம்பளம் கொடுக்கும் நேரத்தில் செய்யக் கூடாது, சங்கத்தின் பணம், கட்டடம், கருவி, லெட்டர் பேட் எதையும் அதற்கு எடுக்கக் கூடாது, சங்க வேலையாகப் போன இடத்தில் போகிற போக்கில் நடந்த பேச்சு குற்றமாகாது. அந்தச் சட்டம் சேலத்துச் சங்கத்தைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் விதிப்புத்தகத்தைத் திருத்த உட்காருகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான வரைவு கிடைக்காது.

இனி நேரத்துக்கு வருவோம். தகராறு அதிகம் வருவது இங்கேதான்.

முழுநேர ஊழியராகச் சங்கத்தில் சம்பளம் வாங்குகிறவர் இருப்பார். ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே சங்க வேலைக்காக ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வெளியே போனாலும் பணியில் இருப்பதாகக் கணக்கு) போடுகிறவரும் இருப்பார். இருவருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த மணிக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? சி ஷிப்டில் ஒரு தொழிலாளிக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள், செயலாளர் போய் விசாரிக்கிறார். அங்கே ஒருவர், "அண்ணே, இந்தத் தடவையும் நிக்கறீங்களா?" என்று கேட்கிறார். "நிக்கறேன்ப்பா, பாத்துக்கோ" என்கிறார். இது போகிற போக்கில் நடந்தது, விட்டுவிடலாம். அதே செயலாளர் மூன்று வருஷமாக எட்டிப் பார்க்காத சி ஷிப்டுக்கு, ஓட்டுப்பதிவுக்கு முந்தின இரண்டு வாரத்தில் ஆறு இரவு ஓ.டி. போட்டுப் போகிறார் என்றால் அதைக் குறை கேட்கும் வேலை என்று எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதற்கு ஒரு வழி உண்டு. வேட்புமனு கொடுத்த நாளிலிருந்து நிர்வாகியாக இருக்கும் வேட்பாளர் ஒவ்வொரு ஓ.டி. நாளுக்கும் ஒரு வரி எழுத வேண்டும்: தேதி, போன இடம், எந்தப் பிரச்சினை, போன மணி, திரும்பிய மணி. பிரசாரத்துக்குப் போவதாக இருந்தால் சொந்த விடுப்பு, இல்லாவிட்டால் ஷிப்ட் முடிந்த நேரம். அரை நாள் விடுப்பு போட்டாலும் எழுத்தில் போட வேண்டும். பிறகு புகார் வந்தால் அந்த நோட்டுதான் நிர்வாகியையே காப்பாற்றும். ஒழுங்காக நடந்துகொண்டவர்களும் எழுதி வைக்காததால் பெயர் கெட்டுப் போகிறார்கள்.

பணம் வெளியே போவது பெரும்பாலும் பெரிய தொகையாக இருக்காது. சின்னச் சின்ன வவுச்சராகப் போகும். இப்படி ஒரு வவுச்சரை எடுத்துக்கொள்ளுங்கள்: "பெட்ரோல் 6 லிட்டர். சங்கப் பணி நிமித்தம்." கீழே கையெழுத்து, பங்க் பில். தணிக்கையாளர் பில்லையும் தொகையையும் பொருத்திப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். ஒரு வாரத்தில் ஏற்காட்டு எஸ்டேட் தொழிலாளர்களைப் பார்க்கப் போன செலவு என்கிறார்கள் என்று வைத்து, நீங்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறி இறங்கினால் சுமார் 60 கிலோமீட்டர். மலை ஏற்றம் என்பதால் பைக் லிட்டருக்கு 40 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்று வைத்தாலும் ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டர். 6 லிட்டர் என்றால் நான்கு தடவை. அந்த வாரத்தில் நான்கு தடவை மலைக்குப் போக என்ன சங்க வேலை இருந்தது? மினிட் புக்கில் இருக்கிறதா? குறை மனு ஏதாவது வந்திருக்கிறதா? "சங்கப் பணி நிமித்தம்" என்ற மூன்று சொல்லை வவுச்சரில் ஏற்கவே கூடாது என்று பொருளாளர் ஒரு கோடு போட்டால் பாதி முறைகேடு அங்கேயே நின்றுவிடும். எந்த ஊர், யாரைப் பார்த்தது, எதற்காக, எத்தனை கிலோமீட்டர். நான்கும் இல்லாத வவுச்சருக்குப் பணம் கிடையாது.

பொருளாளரின் கையில் இன்னொன்றும் இருக்கிறது, வவுச்சரைவிடப் பலமானது. சந்தா ரசீதுப் புத்தகம். பாக்கி இல்லாதவருக்குத்தான் ஓட்டு என்று விதி இருக்கும் சங்கங்களில் யாருக்கு ஓட்டு என்பதை முடிவு செய்வது அந்தப் புத்தகம்தான். தேர்தல் நெருங்கும்போது தன் அணிக்காரர்களிடம் மட்டும் போய், "பாக்கியைக் கட்டிடுங்க" என்று நினைவுபடுத்தினால் போதும். எதிரணிக்காரர் வாக்காளர் பட்டியல் ஒட்டிய பிறகுதான் தன் பெயர் இல்லை என்று பார்ப்பார். இதைவிட மோசமான வழியும் உண்டு. கடைசி நாள் இரவு ஒரே ஆள் நாற்பது, ஐம்பது பேருடைய பாக்கியைத் தன் பையிலிருந்து கட்டி, வரிசை எண்ணில் ரசீது வாங்கி வைத்துக்கொள்வது. அடிக்கட்டையைப் பார்த்தால் தெரியும். ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரே தேதி. சம்பளத்தில் செக் ஆஃப் மூலம் சந்தா பிடிக்கும் இடங்களில் இந்தத் தொல்லை குறைவு. கையால் வசூலிக்கும் இடங்களில் மருந்து ஒன்றுதான். தேர்தல் அறிவிப்புக்கு முந்தின மாதக் கடைசி நாளைக் கெடு என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். அறிவிப்பு வந்த அன்றே பயன்படுத்திய, பயன்படுத்தாத ரசீதுப் புத்தகம் எல்லாவற்றையும் எண்ணோடு எழுதி, தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் பார்வையிடப் பழைய சட்டத்தின் 20-ம் பிரிவு எல்லா உறுப்பினருக்கும் உரிமை கொடுத்தது. கேட்கிற வழக்கம்தான் குறைவு.

உறுப்பினர் பட்டியலும் அப்படித்தான். பெயர், செக்‌ஷன், செல் நம்பர் எல்லாம் செயலாளரின் போனில் இருக்கும். அமெரிக்கச் சட்டத்தில், உறுப்பினராக இருப்பதை வேலைக்கு நிபந்தனையாக்கும் ஒப்பந்தம் உள்ள இடங்களில், தேர்தலுக்கு முந்தின 30 நாளுக்குள் ஒரு தடவை பட்டியலைப் பார்க்க ஒவ்வொரு வேட்பாளருக்கும் உரிமை உண்டு. தன் செலவில் பிரசுரம் அனுப்பித் தரும்படி சங்கத்தைக் கேட்கலாம். ஒருவருக்குச் செய்தால் எல்லாருக்கும் செய்தாக வேண்டும். இங்கே அந்தச் சண்டை வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. சங்கத்தின் குழுவில், "தேர்தல் முடியும்வரை அட்மின் மட்டும் பதிவிடலாம்" என்று மாற்றுவார்கள். கேட்க நல்லதாக இருக்கும். ஆனால் அட்மின் யார்? நிற்கும் வேட்பாளர்கள்தான். அவர்கள் பதிவு மட்டும் போகும், மற்றவர் பதில் சொல்ல முடியாது. குழுவைப் பூட்டினால் அட்மின் பொறுப்பைத் தேர்தல் அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லா வேட்பாளரும் ஆளுக்கு ஒரு பதிவு, ஒரே நீளம், ஒரே நாளில்.

லெட்டர் பேடும் தகவல் பலகையும் வெளிப்படையானவை, அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கஷ்டமானது சங்கத்தின் வழக்கமான நோட்டீஸ். தேர்தல் நேரத்தில் போனஸ் கையெழுத்தாகிவிட்டால் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது, சொல்லவும் வேண்டும். இரண்டு நோட்டீஸை அருகருகே வைத்துப் பாருங்கள்.

"இந்த ஆண்டு போனஸ் ஒப்பந்தம் 12-ம் தேதி கையெழுத்தானது. தொகை, பட்டுவாடா தேதி, கேஷுவல் தொழிலாளருக்கான விவரம் கீழே."

"நம் பொதுச்செயலாளரின் அயராத போராட்டத்தால், எதிர்ப்புகளை முறியடித்து, வரலாறு காணாத போனஸ்! சாதித்தவர் யார் என்பதைச் சிந்திப்பீர்!"

ஒப்பந்தம் ஒன்றுதான். முதலாவதற்குச் சங்கப் பணம் தாராளமாகப் போகலாம். இரண்டாவதற்கு அந்தச் செயலாளர்தான் அச்சுக்கூலி கொடுக்க வேண்டும். சங்கப் பத்திரிகைகள் பற்றிய வழக்குகளில் அமெரிக்க நீதிமன்றங்கள் மூன்றைப் பார்த்தன: எழுத்தின் தொனி, உள்ளடக்கம், வெளிவந்த நேரம். நம் நோட்டீஸுக்கும் இந்த மூன்றும் பொருந்தும். பெயர், படம், ஆச்சரியக்குறி மூன்றையும் தேர்தல் முடியும்வரை சங்க நோட்டீஸில் நிறுத்தி வைத்தால் பாதிப் புகார் வராது.

மேனேஜ்மென்ட் பக்கம் ஒரு வார்த்தை. ஒரு சங்கத்தைத் தன் பிடியில் வைக்க முதலாளி பணமோ வேறு உதவியோ செய்வது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று தொழில் தகராறு சட்டத்தின் 5-ம் அட்டவணையிலேயே இருந்தது. ஆனால் உதவி பணமாக வருவது அபூர்வம். ஒரு அணிக்கு ஷிப்ட் மாற்றம் சுலபமாகக் கிடைக்கும், ஓ.டி. உடனே சாங்ஷன் ஆகும், பிளான்டுக்குள் எல்லா செக்‌ஷனுக்கும் போக முடியும். மற்ற அணிக்காரர் இடத்தைவிட்டு நகர்ந்தால் மெமோ. அமெரிக்க விதி இதில் வியக்கும்படி கடுமையானது. முதலாளி என்றால் அந்தச் சங்கத்தின் முதலாளி மட்டும் இல்லை, எந்த முதலாளியாக இருந்தாலும் தடை. அந்த அளவுகோலை இங்கே வைத்தால், செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு பேரை வேலைக்கு வைத்து அச்சகம் நடத்தும் நண்பர் வேட்பாளருக்காக 500 நோட்டீஸ் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தாலும் தப்பு. நம் விதிப்புத்தகத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதை மகாசபை முடிவு செய்யட்டும். பில் வாங்கி வைத்துக்கொள்வதில் யாருக்கும் கஷ்டமில்லை.

ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் கதை வேறு. காப்பி பழம் பறிப்பது நவம்பர் வாக்கில் தொடங்கி பிப்ரவரி வரை போகும். அந்த மாதங்களில் காட்டிலிருந்து மூட்டையைத் தூக்கி வந்து எடை போட்டுக் கணக்கு எழுதி முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். பிறகு லயனுக்கு (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு) போய் அடுப்புப் பற்ற வைக்கிற பெண்ணிடம் நின்று ஓட்டுக் கேட்பது சரியில்லை, அவர் கேட்கும் மனநிலையிலும் இருக்க மாட்டார். அதனால் பறிப்பு உச்சத்தில் தேர்தல் வைக்கக் கூடாது. பனி, தூரம் இரண்டையும் பார்த்தால் வார விடுமுறை நாளில் பகல் 10 மணியிலிருந்து 3 மணிவரை ஓட்டுப்பதிவு வைப்பதுதான் சரி.

இன்னும் பெரிய பிரச்சினை வாசல். எஸ்டேட் தனியார் நிலம். சந்தா வசூலிக்க, குறை கேட்க என்று நிர்வாகி உள்ளே போகலாம், மேஸ்திரிக்கும் அவரைத் தெரியும். பக்கத்து எஸ்டேட்டிலிருந்து நிற்கும் புது வேட்பாளரை கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். நிர்வாகி ஒரு பைசாகூடச் செலவழிக்காமல், ஒரு வார்த்தைகூடத் தவறாகப் பேசாமல் முந்திவிடுவார். அவர் பதவியே அவருக்கு வழிச்சீட்டு. இதைச் சரிசெய்ய ஒரு ஏற்பாடு உண்டு. தேர்தல் அதிகாரி எஸ்டேட் மேனேஜருக்கு முன்கூட்டியே எழுதி ஒரு நாள் வாங்க வேண்டும். ஒரே ஜீப்பில் எல்லா வேட்பாளரையும், இல்லாவிட்டால் அணிக்கு ஒருவரை, லயன் லயனாகக் கூட்டிப் போக வேண்டும். ஒரு லயனுக்கு ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம், பேசும் வரிசை ஒவ்வொரு லயனிலும் மாற வேண்டும். ஜீப் வாடகை சங்கப் பணத்தில் போகலாம். அது எல்லாருக்கும் பொதுவானது, எந்த ஒருவரையும் உயர்த்துவதில்லை. அறிவிப்பிலிருந்து ஓட்டுப்பதிவுவரை நிர்வாகிகள் தனியாகச் சந்தா வசூலுக்கு மலைக்குப் போவதை நிறுத்தி வைப்பது நல்லது. ஒரு மாதச் சந்தா தள்ளிப் போனால் சங்கம் சாகாது.

இவ்வளவையும் விதிப்புத்தகத்தில் எப்படிச் சேர்ப்பது? நீளமாக வேண்டாம். இப்படி ஒரு பத்தி போதும்:

"தேர்தல் அறிவிப்பு நாள் முதல் முடிவு அறிவிக்கும்வரை, நிர்வாகி எவரும் சங்கம் ஊதியம் தரும் நேரத்திலோ சங்கப் பணிக்கான விடுப்பிலோ எந்த வேட்பாளருக்காகவும் பிரசாரம் செய்யக் கூடாது. சங்கத்தின் நிதி, அலுவலகம், வாகனம், ஒலிபெருக்கி, லெட்டர் பேட், தகவல் பலகை, உறுப்பினர் பட்டியல், சமூக ஊடகக் குழு ஆகியவற்றை எந்த வேட்பாளருக்காகவும் பயன்படுத்தக் கூடாது. அனுமதித்தால் எல்லா வேட்பாளருக்கும் ஒரே நிபந்தனையில் அனுமதிக்க வேண்டும். சங்கப் பணியின்போது இயல்பாக நேரும் உரையாடல் இதில் அடங்காது."

இதை மகாசபையில் நிறைவேற்றினால் மட்டும் போதாது. திருத்தத்துக்கு உங்கள் விதி கேட்கும் முன்னறிவிப்பு நாளும் கோரமும் (கூட்டத்துக்கு வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) சரியாக இருக்க வேண்டும். தீர்மானத்தின் நகலோடு தொழிற்சங்கப் பதிவாளருக்கு அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு கொண்டுவந்தால் யாரையோ குறிவைத்தது என்று ஆகிவிடும். தேர்தல் இல்லாத வருஷத்தில் செய்யுங்கள். தேர்தல் அதிகாரி நிற்காதவராக இருந்தால் மட்டும் போதாது. நிற்கிறவரின் கீழ் சங்கத்தில் சம்பளம் வாங்காதவராகவும் இருக்க வேண்டும்.

விதி மீறல் நடந்தால் தேர்தல் செல்லாது என்று உடனே சொல்லிவிட முடியாது. அமெரிக்கச் சட்டம் கேட்பது, அந்த மீறல் முடிவைப் பாதித்திருக்கக்கூடுமா என்று. 400 பேர் உள்ள சங்கத்தில் 9 ஓட்டில் ஜெயித்திருக்கிறார், சங்கக் காசில் அடித்த நோட்டீஸ் 400 பேர் கைக்கும் போயிருக்கிறது என்றால் பாதித்திருக்கக்கூடும். 150 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவரின் ஒரு பெட்ரோல் வவுச்சர் தப்புதான், பணத்தைத் திருப்பிக் கட்ட வைக்க வேண்டும். ஆனால் மறுதேர்தல் தேவைப்படாது. இந்த விஷயத்தில் உலகம் பார்த்த பெரிய உதாரணம் டீம்ஸ்டர்ஸ் எனும் அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் சங்கம். நீதிமன்ற மேற்பார்வையில் 1996-ல் நடந்த தேர்தலில் பதவியில் இருந்த தலைவர் ரான் கேரி, ஜேம்ஸ் ஹோஃபாவை வென்றார். சங்கப் பணம் சுற்றி வளைத்து அவருடைய பிரசாரத்துக்கு வந்தது தெரிந்ததும் 1997-ல் அந்தத் தேர்தலை ரத்து செய்தார்கள். மறுதேர்தலில் நிற்கவும் அவருக்குத் தடை விழுந்தது. விசாரணையில் பொய் சொன்னார் என்று பின்னால் வந்த குற்றவழக்கில் 2001-ல் அவர் விடுதலையானார். இருந்தும் போன பதவி போனதுதான்.

நம் ஊரில் புகார் தோற்பது பெரும்பாலும் ஆதாரம் இல்லாமல். "சங்க வண்டியில ஓட்டுக் கேட்டாங்க" என்று பொதுவாக எழுதினால் நிற்காது. தேதி, மணி, வண்டி நம்பர், கேட்டவர் பெயர், கூட இருந்த இரண்டு பேரின் கையெழுத்து வேண்டும். நோட்டீஸ் என்றால் அசல் தாள், அடியில் அச்சக வரி இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப் என்றால் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, குழுவின் பெயரும் அனுப்பியவர் நம்பரும் தெரியும்படி போனை அப்படியே வைத்திருங்கள். முதலில் தேர்தல் அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். அமெரிக்காவில் சங்கத்துக்குள் 3 மாதம் முயன்று, அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும் என்று கெடு இருக்கிறது. இங்கே புதிய தொகுப்பின் 22-ம் பிரிவு, நிர்வாகிகள் தேர்தல் பற்றி உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் வரும் தகராறை தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோக வழி விட்டிருக்கிறது. சிவில் கோர்ட்டுக்கு அதில் இடமில்லை. முன்பு முன்சீஃப் கோர்ட்டில் தடை வாங்கித் தேர்தலை வருஷக்கணக்கில் நிறுத்தி வைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எண்ணி முடித்ததும் வாக்குச்சீட்டு, அடிக்கட்டை, வாக்காளர் பட்டியல், ரசீதுப் புத்தகம், ஓ.டி. நோட்டு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, தோற்றவர் ஏஜெண்டும் கையெழுத்துப் போட்டு சீல் வையுங்கள். அமெரிக்கச் சட்டம் ஒரு வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது. புதிதாக வந்த பொருளாளரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அது தேர்தல் அதிகாரியிடமே இருக்கட்டும்.